முதுகெலும்புக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது!

(எடை குறைந்த பேஸ் ஆம்ப்ளிஃபயர் தேர்ந்தெடுப்பது எப்படி?)

மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



நம்ம ஊர் மெல்லிசைக் கச்சேரி மேடையைக் கொஞ்சம் மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். முன்வரிசையில் பாடகர்கள். பக்கத்தில் கீபோர்டு. பின்னால் தபேலா, ரிதம் பேடு, டிரம்ஸ். டிரம்ஸுக்கும் திரைச்சீலைக்கும் நடுவே கிடைத்த இரண்டடி இடத்தில் நாலு கம்பி கிடாரோடு ஒருவன் நிற்பான். கைதட்டல் அவனுக்கு வராது. போட்டோவிலும் பாதி முகம்தான் விழும். ஆனால் அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டால் பாட்டு காற்றுப் போன டியூப் மாதிரி ஆகிவிடும். அவன்தான் பேஸ் கிடாரிஸ்ட். அடியேனும் அந்த இனம்தான்!

இளையராஜா பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கும், ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸின் விரல்களைக் கேட்டவர்களுக்கும் பேஸின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் எடையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கச்சேரி முடிந்ததும் பாடகர் மைக்கை வைத்துவிட்டுப் போவார். புல்லாங்குழல்காரர் குழலைப் பைக்குள் செருகிக்கொண்டு போவார். பேஸ்காரன் மட்டும் ஒரு பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்பான்.

இரண்டு வருஷமாக விடுமுறை நாட்களில் வெளியூர்க் கச்சேரிக்குப் போய் வருகிறேன். அந்தப் பெட்டியைத் தூக்கித் தூக்கி என் கீழ்முதுகில் ஒரு வலி குடியேறிவிட்டது. காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் சுளீர் என்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, “தசைப் பிடிப்புதாம்பா, டிஸ்க் இன்னும் நல்லா இருக்கு. ஆனா இதே மாதிரி தூக்கிட்டு இருந்தா அது ரொம்ப நாள் நல்லா இருக்காது” என்றார். டிப்ளமோ முடித்து ஷிப்டு வேலைக்குப் போக வேண்டிய முதுகு இது. வீட்டில் கிடாரைத் தலைமுழுகச் சொல்கிறார்கள். கிடாரை விட மனசு வரவில்லை, முதுகை விடவும் முடியாது. இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று தேடியதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை. கல்லூரி இசைக்குழுவுக்குப் புது பேஸ் ஆம்ப் வாங்கும் பேச்சு நம் பேரவையிலும் நடக்கிறது. அதனால் இது எனக்கு மட்டும் உபயோகப்படும் விஷயம் இல்லை.

பேஸ் ஏன் கனக்கிறது?

பேஸ் கிடாரின் தடித்த கம்பி ஒரு நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. அதாவது 41 ஹெர்ட்ஸ். காற்றில் அதன் அலைநீளம் சுமார் 8 மீட்டர், நம் வகுப்பறை நீளம்! அவ்வளவு நீளமான அலையை உண்டாக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கர் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். ஆகவே பெரிய கூம்பு, அதை ஆட்டப் பெரிய காந்தம், அடக்கப் பெரிய பெட்டி, ஓட்டப் பெரிய ஆம்ப்ளிஃபயர். இதுதான் பழைய காலத்துச் சூத்திரம்.

லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிடாரைக் கொண்டுவந்தார். ஆளுயரத்துக்கு நின்ற டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்த வாசிப்பாளர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் கிடாரில் குறைந்த எடை ஆம்ப்ளிஃபயரில் ஏறிக்கொண்டது! 1969-ல் அமெரிக்காவின் ஆம்பெக் கம்பெனி எஸ்.வி.டி. என்ற ஆம்ப்பை வெளியிட்டது. 14 வால்வுகள், 300 வாட். பெரிய மைதானத்தில் ராக் கச்சேரி நடத்த அது தேவைப்பட்டது. பின்னாளில் அதே வழியில் வந்த எஸ்.வி.டி.-சி.எல். என்ற ஹெட் சுமார் 36 கிலோ. அதோடு சேரும், எட்டு பத்து அங்குல ஸ்பீக்கர் கொண்ட கேபினட் சுமார் 63 கிலோ. அதற்குச் செல்லப் பெயரே ‘ஃபிரிட்ஜ்’தான்! இரண்டும் சேர்ந்தால் 100 கிலோ. சிவில் நண்பர்களுக்குப் புரியும்படி சொன்னால், இரண்டு மூட்டை சிமென்ட்.

நம்ம ஊர்க் குழுக்களில் அவ்வளவு பெரிய செட் அபூர்வம். ஆனாலும் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் போட்ட பழைய பெட்டி 30, 40 கிலோ சாதாரணமாக வரும். அதை வேனில் ஏற்றி இறக்கி, கல்யாண மண்டபத்தின் பின்படியில் ஏற்றி, நள்ளிரவுக்கு மேல் மறுபடியும் இறக்க வேண்டும்.

முதுகுக் கணக்கு

முதலாமாண்டு மெக்கானிக்ஸ் பேப்பரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். முதல் வகை நெம்புகோல்: நடுவில் தாங்குபுள்ளி, ஒரு பக்கம் பளு, மறுபக்கம் விசை. குனிந்து தூக்கும்போது நம் உடம்பு அதுவாகத்தான் மாறுகிறது. தாங்குபுள்ளி, இடுப்புக்கு அருகே முதுகெலும்பின் கடைசி டிஸ்க்குகள். பளு, கையில் இருக்கும் பெட்டி. விசை, முதுகெலும்புக்குப் பின்னால் ஓடும் தசைகள்.

பெட்டி 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விசையில் அது சுமார் 300 நியூட்டன். பெட்டி அகலமானது, உடம்போடு ஒட்டாது. அதனால் அதன் நடுப்புள்ளி டிஸ்க்கிலிருந்து அரை மீட்டர் தள்ளி நிற்கிறது. திருப்புத்திறன் 300 × 0.5 = 150 நியூட்டன் மீட்டர். இதைச் சமன் செய்யும் தசையோ டிஸ்க்கிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆக, தசை இழுக்க வேண்டிய விசை 150 ÷ 0.05 = 3000 நியூட்டன். கிட்டத்தட்ட 300 கிலோ எடைக்குச் சமம்! குனிந்த நம் மேலுடம்பின் எடையை இதில் சேர்க்கவே இல்லை. இத்தனையும் ஒரு சின்ன டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, பளுவைப் பாதியாக்கினால் டிஸ்க்கின் மேல் அதனால் வரும் சுமையும் பாதியாகும். இரண்டு, தூரத்தைப் பாதியாக்கினாலும் அதே பலன். அரை மீட்டர் தள்ளிப் பிடித்த 15 கிலோவும், கால் மீட்டரில் அணைத்துப் பிடித்த 30 கிலோவும் திருப்புத்திறனில் ஒன்றுதான். அதனால்தான் எடை குறைவது மட்டுமல்ல, பெட்டியின் ஆழம் குறைவதும் முக்கியம்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 1991-ல் திருத்தி அமைத்த தூக்கும் சமன்பாட்டில் 23 கிலோவை உச்ச அளவாக வைத்தது. அதுவும் எப்படிப்பட்ட நிலைமைக்கு? பளு உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள், நல்ல கைப்பிடி, முறுக்கல் இல்லாமல், எப்போதாவது ஒருமுறை தூக்கினால். தூரம் அரை மீட்டரானால் அந்த 23 பாதியாகிவிடும். தரையிலிருந்து தூக்கினால், உடம்பைத் திருப்பினால் இன்னும் குறையும். வேனின் பின்கதவில் நாம் செய்வது இத்தனையும் சேர்ந்ததுதான்!

எடை எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு பழைய பேஸ் ஆம்ப்பைத் திறந்து பார்த்தால் எடை நாலு இடத்தில் உட்கார்ந்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், ஸ்பீக்கர் காந்தம், மரப்பலகை. நாலையும் இன்றைய தொழில்நுட்பம் இளைக்க வைத்திருக்கிறது.

1. டிரான்ஸ்ஃபார்மர்: மெஷின்ஸ் பாடத்தில் படித்த சூத்திரம்: மின்னழுத்தம் = 4.44 × அதிர்வெண் × சுற்றுகள் × காந்தப்புல அடர்த்தி × உள்ளகப் பரப்பு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதிர்வெண் இவ்வளவு சின்னதாக இருப்பதால் இரும்பு உள்ளகமும் செம்புச் சுற்றும் பெரிதாக வேண்டியிருக்கிறது. 500 வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே நாலைந்து கிலோ வரும். ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை, அதாவது எஸ்.எம்.பி.எஸ்., இதைச் சாமர்த்தியமாகத் தாண்டுகிறது. முதலில் 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கி, பிறகு அதை மாஸ்ஃபெட் ஸ்விட்ச்சுகளால் நொடிக்கு லட்சம் தடவை போல நறுக்குகிறது. அதிர்வெண் 2000 மடங்கு. இரும்புக்குப் பதிலாக ஃபெரைட் உள்ளகம் போடுவதால் காந்தப்புல அடர்த்தியை 1.5 டெஸ்லாவிலிருந்து 0.2 அளவுக்குக் குறைக்க வேண்டும். அப்படியும் கணக்குப்படி 260 மடங்குக்கு மேல் லாபம். நடைமுறையில் வெப்பம், காப்பு இவற்றால் அவ்வளவு சுருங்காது. ஆனாலும் செங்கல் அளவு டிரான்ஸ்ஃபார்மர் தீப்பெட்டி அளவை நெருங்கிவிடும். பழைய காலத்து கனமான செல்போன் சார்ஜரையும் இன்றைய சார்ஜரையும் கையில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

2. ஹீட் சிங்க்: பழைய ஆம்ப்புகள் கிளாஸ் ஏபி வகை. அதில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த குழாய் மாதிரி வேலை செய்யும். கிளாஸ் பி-யின் உச்சத் திறனே காகிதத்தில் 78.5 சதவீதம். சாதாரணச் சத்தத்தில் வாசிக்கும்போது அதைவிட ரொம்பக் குறைவு. மீதி எல்லாம் சூடாகப் போகும். அதை வெளியேற்ற அலுமினியப் பாளம் வேண்டும். கிளாஸ் டி-யில் டிரான்சிஸ்டர் முழுசாகத் திறக்கும், இல்லை முழுசாக மூடும். நம் சிக்னலை சில நூறு கிலோஹெர்ட்ஸ் முக்கோண அலையோடு ஒப்பிட்டு, துடிப்பின் அகலத்தை மாற்றும். கடைசியில் ஒரு காயிலும் கெபாசிட்டரும் வேண்டாத அதிர்வெண்ணை வடிகட்டிவிடும். கம்யூனிகேஷன் லேபில் செய்த பி.டபிள்யூ.எம். பரிசோதனைதான், வேறொன்றுமில்லை! திறன் 90 சதவீத அளவுக்கு வரும். பாளம் தேவையில்லை, ஒரு சின்ன ஃபேன் போதும்.

3. காந்தம்: சாதாரண ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் கறுப்பு வட்டு ஃபெரைட் காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியாக நியோடிமியம் காந்தத்தை உருவாக்கினார்கள். அதே பருமனில் ஃபெரைட்டைவிடச் சுமார் பத்து மடங்கு ஆற்றல். ஆகவே ஸ்பீக்கரின் எடை பாதிக்கும் கீழே போகிறது. குறை என்ன? விலை அதிகம். 2011-ல் சீனா அருமண் ஏற்றுமதியை இறுக்கியபோது விலை விண்ணுக்குப் போனது. சாதாரண ரகங்கள் அதிகச் சூட்டில் காந்த சக்தியையும் இழக்கும்.

4. பலகை: இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். 70 × 60 × 45 சென்டிமீட்டர் பெட்டியின் வெளிப்பரப்பு சுமார் 2 சதுர மீட்டர். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை சதுர மீட்டருக்கு 13.5 கிலோ. ஆக, வெறும் பெட்டி 27 கிலோ! அதையே 12 மில்லிமீட்டர் பாப்லர் பிளைவுட்டில் செய்தால் 11 கிலோவுக்குள் முடிந்துவிடும். மெல்லிய பலகை அதிராமல் இருக்க உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுக்க வேண்டும், அதற்கு ஒன்றிரண்டு கிலோ. அப்போதும் பாதி எடை மிச்சம். ஸ்பீக்கர் போடுவதற்கு முன்பே!

லேசானதில் எதை இழக்கிறோம்?

எல்லாம் லாபம்தான் என்று சொன்னால் நான் சேல்ஸ்மேன் ஆகிவிடுவேன். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. 1957-ல் அமெரிக்காவில் தொடங்கிய கே.எல்.எச். ஸ்பீக்கர் கம்பெனியின் ‘எச்’ என்ற எழுத்துக்குரிய ஆண்டன் ஹாஃப்மன் பெயரில் ஒரு இரும்பு விதி வழங்குகிறது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிகச் சத்தத்திறன். இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றும் கிடைக்காது. ஒரு ஆக்டேவ் கீழே போக ஆசைப்பட்டு அதே திறனும் வேண்டும் என்றால் பெட்டி எட்டு மடங்கு பெரிதாக வேண்டும். ஆகவே கைக்குள் அடங்கும் பெட்டியைக் காட்டி “இடி மாதிரி பேஸ் வரும் தம்பி” என்று யாராவது சொன்னால் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள்.

ஆனால் நமக்குச் சாதகமாக ஒரு விஷயம் இருக்கிறது. பேஸ் கம்பியின் ஒலியில் 41 ஹெர்ட்ஸ் மட்டும் இல்லை. அதன் இரட்டிப்பான 82, மும்மடங்கான 123 எல்லாம் பலமாக இருக்கின்றன. அவை சரியாகக் கேட்டால், அடிப்படை அதிர்வெண் குறைவாக இருந்தாலும் நம் காது அதே சுரமாகவே புரிந்துகொள்ளும். அதனால் 41-ஐத் துரத்தாத சின்னப் பெட்டியும் மேடையில் நன்றாகவே கேட்கும். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் கூம்பு வீணாக ஆடாது, ஸ்பீக்கரும் பிழைக்கும்.

அடுத்து வாட் மயக்கம். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆனால் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியில் 6 டெசிபல் வித்தியாசம் இருந்தால் அது நாலு மடங்கு வாட்டுக்குச் சமம். 100 டெசிபல் பெட்டியில் 100 வாட் கொடுப்பதும், 94 டெசிபல் பெட்டியில் 400 வாட் கொடுப்பதும் ஒன்றே. பெட்டியின் பின்னால் இருக்கும் வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது, என்ஜின் சி.சி.யை மட்டும் பார்த்து பைக் வாங்குகிற மாதிரி!

கடைசியாக, ரிப்பேர். பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்பை எந்த ஊர் ரேடியோ மெக்கானிக்கும் சால்டரிங் அயர்னோடு சரிசெய்துவிடுவார். எஸ்.எம்.பி.எஸ்., கிளாஸ் டி போர்டுகளில் பொடிப் பொடியாக எஸ்.எம்.டி. பாகங்கள். பல நேரம் மாட்யூலையே மாற்ற வேண்டியிருக்கும். திருவிழாவில் ஜெனரேட்டர் மின்சாரம் ஏறி இறங்கும். ஆகவே வாங்கும்போதே 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் எந்த அளவுவரை தாங்கும் என்று பாருங்கள், சர்ஜ் பாதுகாப்புள்ள பலகை ஒன்றை உடன் வைத்துக்கொள்ளுங்கள், சர்வீஸ் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யாருக்கு எது?

மாடல்கள் வரும், போகும். அளவு தெரிவதற்காகச் சில பெயர்களைச் சொல்கிறேன்.

ஹாஸ்டல் பயிற்சிக்கும் சின்ன ஹாலுக்கும்: ஃபெண்டர் ரம்பிள் 100 போன்ற காம்போ. ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 100 வாட், எடை சுமார் 10 கிலோ. ஒரு கையில் ஆம்ப், தோளில் கிடார், டவுன் பஸ்ஸிலேயே போகலாம்.

பெரிய ஒலிபெருக்கி செட் உள்ள மேடைக்கு: உண்மையில் ஆம்ப்பே கட்டாயம் இல்லை! செட்டுக்காரரின் பெரிய சப் பெட்டிகள்தான் கூட்டத்துக்கு பேஸைக் கொண்டு போகின்றன. நமக்கு வேண்டியது டி.ஐ. பாக்ஸ், அல்லது சான்ஸ்ஆம்ப் போன்ற ப்ரீஆம்ப் பெடல். எடை அரை கிலோகூட இல்லை. நம் காதுக்குக் கேட்க மேடை மானிட்டரோ இயர்போனோ போதும். செட்டுக்காரரோடு கச்சேரிக்கு முன்பே பேசி ஒரு சேனல் வாங்கிவிடுங்கள். முதுகுக்கு இதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியாது.

செட் சரியில்லாத மைதானத்துக்கும் பெரிய மண்டபத்துக்கும்: இங்கேதான் யோசித்து வாங்க வேண்டும். ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போ இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கரோடு சுமார் 16.5 கிலோ. இல்லாவிட்டால் ஹெட்டும் பெட்டியும் தனித்தனியாக. காலியன் க்ரூகர் எம்.பி. 200 என்ற ஹெட் 200 வாட்டுக்கு 900 கிராம்தான். டிரேஸ் எலியட் எல்ஃப் அதைவிட லேசு. அதோடு அக்விலார் எஸ்.எல். 112 போன்ற 12 அங்குலப் பெட்டி இரண்டு. ஒன்று சுமார் 11.3 கிலோ. மொத்தம் 24 கிலோவுக்குள். ஒரு நாளும் ஒரு கையில் 12 கிலோவுக்கு மேல் ஏறாது!

என்னைக் கேட்டால் ஒரே பெரிய பெட்டியைவிட இரண்டு சின்னப் பெட்டிதான் நல்லது. சின்னக் கச்சேரிக்கு ஒன்று போதும், பெரிய கச்சேரிக்கு இரண்டு. இரு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கினால் தராசு மாதிரி சமமாக இருக்கும், முதுகு ஒரு பக்கம் வளையாது. இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் 6 டெசிபல் வரை கூடும். ஒரு எச்சரிக்கை: 8 ஓம் பெட்டி இரண்டு பாரலலில் 4 ஓம் ஆகும், அது பெரும்பாலான ஹெட்டுகளுக்குச் சரி. 4 ஓம் பெட்டி இரண்டு போட்டால் 2 ஓம். ஆம்ப்பின் பின்னால் ‘குறைந்தது 4 ஓம்’ என்று எழுதியிருந்தால் அந்த வேலை வேண்டாம்.

கையில் காசில்லையே, என்ன செய்ய?

புதுசு வாங்க எல்லோராலும் முடியாது. இருக்கிற கனமான பெட்டியோடு வாழ்கிறவர்களுக்குச் சில வழிகள்:

* பெட்டிக்கு அடியில் நல்ல ரப்பர் சக்கரம் நாலு போடுங்கள். மெக்கானிக்கல் நண்பன் ஒருவனும் ஒரு டீயும் இருந்தால் போதும். உருட்டுவது எடையைக் குறைக்காது, தூக்கும் தடவையைக் குறைக்கும்.
* இருவராகத் தூக்க இரண்டு பக்கமும் கைப்பிடி போடுங்கள். இருவர் தூக்குவதில் வெட்கம் ஏதுமில்லை.
* மரப்பலகையில் சரிவு செய்து வேனில் வைத்துக்கொண்டால் ஏற்றி இறக்குவது பாதி வேலை.
* ஃபெரைட் ஸ்பீக்கரைக் கழற்றி நியோ ஸ்பீக்கர் போடலாம். ஆனால் அதன் தீல்-ஸ்மால் அளவுகள் பெட்டியின் கொள்ளளவுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எடையோடு பேஸும் குறையும்.
* மூன்று மணி நேரம் வேனில் கூனி உட்கார்ந்து வந்தவுடன் இறங்கிப் பெட்டியைத் தூக்காதீர்கள். ஐந்து நிமிஷம் நடந்து, நிமிர்ந்து, பிறகு தூக்குங்கள்.
* முழங்காலை மடக்கி, பெட்டியை மார்போடு அணைத்து, காலால் எழுந்திருங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.
* கிடாரே சுமார் நாலு கிலோ வரும். மூன்று மணி நேரம் தோளில் தொங்கும். மூன்று, நாலு அங்குல அகலப் பட்டை போடுங்கள்.

வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப் போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள், டாக்டரிடம் போங்கள். சிறுநீர் கழிப்பதில் சிரமமோ, தொடைகளின் இடையே உணர்ச்சிக் குறைவோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது அவசரம்.

கடையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. மொத்த எடை எத்தனை கிலோ? காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். பிறகு தூக்கியும் பாருங்கள்.
2. பெட்டியின் ஆழம் எவ்வளவு? உடம்போடு ஒட்டித் தூக்க முடியுமா?
3. கைப்பிடி எங்கே? எடையின் மையத்துக்கு மேலே இருக்கிறதா?
4. சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபல்? எத்தனை ஓம்?
5. சொல்லும் வாட் தொடர்ச்சியாகக் கிடைப்பதா, உச்சத்தில் ஒரு நொடி வருவதா?
6. எஸ்.எம்.பி.எஸ். போனால் யார் பார்ப்பார்கள், மாட்யூல் கிடைக்குமா?

கூடவே ஒரு யோசனை: ஒரு கிலோ ஹெட் பெட்டியின் அதிர்விலேயே நகர்ந்து கீழே விழும். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள்.

நிறைவாக...

“அண்ணே, கனமா இருந்தாத்தான் சவுண்டு கெட்டியா இருக்கும்” என்று சீனியர் வாசிப்பாளர்கள் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரும்பும் எம்.டி.எஃப்.பும் மட்டுமே இருந்த நாளில் அது உண்மைதான். இன்று எடைக்கும் சத்தத்துக்கும் இருந்த அந்த முடிச்சு பெருமளவு அவிழ்ந்துவிட்டது. அவிழ்த்தவை நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயங்கள்தான்: அதிர்வெண், ஸ்விட்ச்சிங், காந்தம், நெம்புகோல். பரீட்சைக்கு மட்டும் படித்ததை முதுகுக்கும் கொஞ்சம் உபயோகப்படுத்துவோமே!

பேரவை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆம்ப் வாங்க விலைப்புள்ளி கேட்கும்போது வாட், விலை இரண்டோடு ‘எடை’ என்ற மூன்றாவது பத்தியும் போடுங்கள். நம் ஆடிட்டோரியம் இரண்டாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு விழாவுக்கும் அந்தப் பெட்டியைத் தூக்கப் போகிறவர்கள் நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகள். அவர்களோடு, விழா தவறாமல் கூடவே தோள் கொடுக்கும் நம் அலுவலக உதவியாளர் அண்ணனும்தான். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாசிப்பவன் முதுகைப் பற்றி ஒரு கட்டுரையாவது வந்துவிட்டது. தூக்கிக் கொடுப்பவர் முதுகைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பத்து கிலோ குறைத்து வாங்கினால் அதில் அவருக்கும் பங்கு உண்டு.

ஸ்பீக்கர் கிழிந்தால் ரீகோன் செய்யலாம். ஐ.சி. போனால் மாற்றலாம். டிஸ்க் போனால்? சுவர் இருந்தால்தான் சித்திரம் நண்பர்களே. முதுகு நிமிர்ந்து நின்றால்தான் பேஸும் நிமிர்ந்து நிற்கும்!